அதிகாரம் அளித்தலும் அதிகாரம் உடைமையும்: கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மேலாண்மையியல் நூல்களில் ‘பணியாளர்க்கு அதிகாரமளித்தல்’ என்னும் தொடர் பரவலாக வழங்குகிறது. இத்தொடரிலுள்ள ‘அளித்தல்’ என்னும் சொல் கருதத்தக்கது. அளிப்பவர் ஒருவர், பெறுபவர் மற்றொருவர். அளித்தவர் விரும்பும்போது அதனைத் திரும்பப் பெறவும் இயலும். ஆலோசனைப் பெட்டி, கருத்துக்கேட்புக் கூட்டம் போன்றவை பெரும்பாலும் இவ்வகையினவே. அவற்றில் பணியாளரின் கருத்துக் கேட்கப்படுகிறது. முடிவோ வேறிடத்தில் எடுக்கப்படுகிறது. திரும்பப் பெறவியலாத அதிகாரம் எவ்வாறு அமைகிறது என்பதைக் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவின்வழி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கூட்டுறவின் தோற்றம்

1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வேலைநேரம், விடுப்பு முதலியவற்றை வரையறுத்தது. கேரள அரசு அதனை நடைமுறைப்படுத்தியபோது, மங்களூரைச் சார்ந்த பீடி முதலாளிகள் 1968இல் கண்ணூர்ப் பகுதியில் தம் உற்பத்தியை நிறுத்தினர். ஏறத்தாழ 12,000 தொழிலாளர் வேலையிழந்தனர். இச்சூழலில் அரசின் கடனுதவியுடன் 1969 பிப்ரவரியில் தொழிலாளர் கூட்டுறவு தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 பேர் இதில் பணியாற்றினர். பின்னர் இத்தொகை பன்மடங்கு பெருகியது.

அதிகாரத்தின் மூன்று கூறுகள்

முதலாவது, உரிமை. பீடி சுற்றுவோரே பங்குதாரராயினர். தொடக்கநிலைச் சங்கங்களின் இயக்குநர்களை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். மேற்பார்வையாளர் தவறிழைப்பின் கேள்வி கேட்கும் தகுதி அவர்களுக்கு உறுப்பினர் என்னும் நிலையிலேயே கிடைத்தது.

இரண்டாவது, அறிவு. ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, ஏனையோர் கேட்டுக்கொண்டே பீடி சுற்றும் வழக்கம் கண்ணூர்ப் பட்டறைகளில் முன்பே வேரூன்றியிருந்தது. விவாதித்துப் பழகிய தொழிலாளர்க்கு நிர்வாகச் செய்திகளை ஆராய்தல் புதிதன்று.

மூன்றாவது, பாதுகாப்பு. பழைய முறையில், சுற்றிய பீடிகளைத் தரமற்றவை எனக் கழித்துக் கூலியைக் குறைக்க இயலும். கூட்டுறவில் குறைந்தபட்ச ஊதியம், வருங்கால வைப்புநிதி, ஊதியத்துடன்கூடிய விடுமுறை, மகப்பேற்று உதவி ஆகியன உறுதிசெய்யப்பட்டன. கருத்துரைத்தவர் அதன் பொருட்டு அன்றாட உணவை இழக்கும் அச்சம் நீங்கியது. இம்மூன்றனுள் ஒன்று குறையினும் ஏனைய இரண்டும் பயனற்றுப்போகும்.

வரம்புகள்

இவ்வமைப்பைக் குறையற்றதெனக் கொள்ளவியலாது. பெண்கள் பெருந்தொகையினராக இருந்தும் இயக்குநர் பொறுப்புகளில் அவர்தம் பங்கு குறைவாகவே இருந்தது. பீடி நுகர்வு குறைந்தபோது வேலைவாய்ப்பும் சுருங்கியது. 1990களின் பிற்பகுதி முதல் உணவுப்பொருள், குடை போன்ற பிற உற்பத்திகளைக் கூட்டுறவு நாடியது. நிறுவனத்துக்குள் பெற்ற அதிகாரம் சந்தையின் போக்கை மாற்றப் போதுமானதன்று என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

எல்லா நிறுவனங்களும் கூட்டுறவாக மாறுதல் இயலாது. ஆயினும் ஒரு நிறுவனம் தன் பணியாளர்க்கு அதிகாரம் வழங்கியுள்ளதாகக் கூறுமிடத்து மூன்று வினாக்களை எழுப்பலாம்: முடிவெடுப்பதில் அவருக்கு வாக்குண்டா? முடிவுக்குத் தேவையான செய்திகள் அவரை எட்டுகின்றனவா? மறுத்துரைத்தபின்னும் அவர் பணி நிலைக்குமா? இவற்றுக்குக் கிடைக்கும் விடைகளே அக்கூற்றின் மெய்ம்மையைப் புலப்படுத்தும்.