பின்னலுக்கு ஏன் சங்கிலி?
1984இல் வான் ஜோன்ஸ் முடிச்சுகளுக்குப் பல்லுறுப்புக்கோவை கண்டார். அதற்கு வித்திட்ட இயற்கணிதம் குறித்து, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் வி. எஸ். சுந்தர் அவருடன் சேர்ந்து 1997இல் நூலே எழுதினார். ஆனால் வெவ்வேறு முடிச்சுகளுக்கும் ஜோன்ஸின் கோவை ஒன்றாகவே வரலாம், தகவல் தொலைகிறது.

முடிச்சுகளைத் தரும் பின்னல்களுக்கு ரஃபேல் ரூக்கியே மாற்றுவழி தந்தார். இழைகள் குறுக்கிடும் ஒவ்வோர் இடத்துக்கும் B→R என்ற ஈருறுப்புச் சங்கிலி, அதாவது அம்புக்குறி காட்டும் சார்பால் இணைந்த இரு அமைப்புகள். R பல்லுறுப்புக்கோவை வளையம். B இருபுறமும் R-இன் கோவைகளால் பெருக்கத்தக்க அமைப்பு. எதிர்க் குறுக்கீட்டுக்கு R→B.

இரண்டையும் அடுத்தடுத்துப் பின்னினால், சங்கிலிகளின் டென்சர் பெருக்கம் கிடைக்கிறது: B, BB, R, B என நான்கு உறுப்புகள். இங்கேதான் அழகு! BB இரண்டு B-களாகப் பிளந்து, மற்ற இரண்டு B-களோடு நீங்கிவிடுகிறது. எஞ்சுவது R மட்டும்: பின்னாத நேர் இழைகள்.