பாக் விரிகுடாவின் கடற்புல்லும் அடிமண்ணும்

தமிழில் வெளிவரும் கட்டுரைகள் சிலவற்றில் கடற்புல்லும் கடற்பாசியும் ஒன்றெனவே ஆளப்படுகின்றன. இது சொல்லளவிலான பிழை மட்டுமன்று. கடற்பாசிக்கு உண்மையான வேர் இல்லை. தனக்கு வேண்டிய சத்தை அது நீரிலிருந்தே பெறுகிறது. கடற்புல்லோ பூத்து வித்திடும் தாவரம். அதற்கு வேரும், மண்ணுக்குள் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டும் உண்டு. எனவே அடிமண்ணை விடுத்துக் கடற்புல்லை விளக்க இயலாது. இவ்வுறவைப் பாக் விரிகுடாவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கோடியக்கரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட இவ்விரிகுடா ஆழம் குறைந்தது. அலையின் வேகமும் மன்னார் வளைகுடாவை நோக்கக் குறைவு. காவிரியின் கிளையாறுகள் கொணரும் நுண்மண் இங்குத் தங்குவதற்கு இதுவே காரணம். பாமணியாறும் கோரையாறும் சென்று சேரும் முத்துப்பேட்டைக் கழியில் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள் அவ்வண்டலில் ஒரு பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. எஞ்சியது கடலை அடைகிறது.

கடலில் அதே பணியைப் புல் செய்கிறது. இலைகள் நீரோட்டத்தைத் தணிக்க, மிதக்கும் துகள்கள் படிகின்றன. வேர்த்தொகுதி அவற்றைப் பிணைக்கிறது. நீர் தெளிய, ஒளி ஆழம்வரை இறங்குகிறது. புல் மேலும் செழிக்கிறது. இச்சுழற்சி எதிர்த்திசையிலும் இயங்கவல்லது என்பதே கவலைக்குரியது. இழுவைவலை அடியை உழுதால் மண் கிளம்பும். கலங்கல் ஒளியை மறைக்கும். எஞ்சிய புல்லும் நலியும். கடல்பசுவும் புல்லைத் தண்டோடு பறித்தே உண்கிறது. ஆயின் அது விட்டுச்செல்வது ஒடுங்கிய தடம். இருபுறமும் உள்ள புல் அதனுள் மீண்டும் படரும். அகன்ற பரப்பு பெயர்க்கப்படுமாயின் அவ்வாறு படர்வதற்குரிய விளிம்பு தொலைவாகிவிடுகிறது.

கரிமச் சேமிப்பின் பெரும்பங்கும் இலையில் இல்லை, மண்ணிலேயே உள்ளது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிசன் அற்றுப்போவதால் புதைந்த வேரும் சருகும் மிக மெதுவாகவே சிதைகின்றன. அடிமண் கலைக்கப்பட்டால் நெடுங்காலச் சேமிப்பு சிதைவுக்கு உள்ளாகும். புற்பரப்பை மட்டும் அளக்கும் மதிப்பீடுகளில் இவ்விழப்பு தென்படாது.

2022ஆம் ஆண்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பகத்துக்கு எல்லை உண்டு. வண்டலுக்கு அது இல்லை. 1934இல் மேட்டூர் அணை கட்டிமுடிக்கப்பட்ட பின் காவிரி மண்ணின் ஒரு பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஆகவே இங்குப் புல்லின் பரப்பை அளப்போர், அதே இடத்தில் மண்ணின் துகளளவையும் கரிம அளவையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும்.