மணல் இருந்த கரை: தாதா படங்களும் காலப்பிழையும்

பழைய காலத்தைக் கதைக்களமாகக் கொண்ட தாதா படங்களில் ரசிகர்கள் கண்டுசொல்லும் குறைகள் இருவகைப்படும். முதலாவது தொடர்ச்சிப் பிழை: படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை ஆதலால், ஒரே சண்டையின் இரண்டு ஷாட்டுகள் பல நாள் இடைவெளியில் எடுக்கப்படுகையில், இடப்புருவத்துக் காயம் வலப்புறம் மாறுவதும் பாதி எரிந்த சிகரெட் மறுபடி முழுதாவதும் நேர்கின்றன. இவற்றைக் குறித்துவைத்துச் சரிபார்க்கும் உதவி இயக்குநரின் வேலையைத் திரைத்துறையினர் ‘கன்டினியூட்டி பார்ப்பது’ என்பர். இரண்டாவது காலப்பிழை, அதாவது கதை நடக்கும் ஆண்டில் இருந்திருக்க முடியாத ஒன்று திரையில் தென்படுவது.

‘நாயகன்’ (1987) படத்தில் வரும் மும்பைத் தாராவி, பெரும்பகுதி கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையில் அமைத்த அரங்கம். அரங்கத்துக்குள் வேண்டாத பொருள் தானாக நுழைவதில்லை. அப்பணிக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது முற்றிலும் தகும். 1980-ஆம் ஆண்டு மதுரையைக் காட்டிய ‘சுப்பிரமணியபுரம்’ (2008) உண்மைத் தெருக்களை நம்பியது. அதில் திரையரங்கில் ஓடும் ‘முரட்டுக்காளை’ 1980 டிசம்பரில் வெளியான படம் என்பதால், அக்காட்சி நிகழும் காலத்தை அந்த ஆண்டின் கடைசி நாள்களுக்கு முன்னே தள்ள இயலாது. கூர்ந்து பார்ப்போர் கதையின் நாள்களை இப்படித்தான் கணக்கிடுகின்றனர். வண்டி எண்ணும் இத்தகைய சான்றே: மாநிலத்துக்கு ஈரெழுத்து, மாவட்டத்துக்கு ஈரிலக்கம் என்னும் இன்றைய முறை 1989-க்குப் பிறகே வந்தது.

புதுச்சேரியில் இத்தகைய படம் எடுப்பவருக்குப் பிரெஞ்சுக் காலக் கட்டடங்களும் காவலரின் சிவப்புத் தொப்பியும் துணைசெய்கின்றன, கடற்கரை துணைசெய்வதில்லை. நகரின் வடபகுதியில் உள்ள மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்தை 1970-களின் கள்ளக்கடத்தல் கதை ஒன்றுக்குக் களமாகக் கொண்டால், இன்று அங்கே கடலை ஒட்டி அடுக்கப்பட்டிருக்கும் கருங்கற்களே முதல் காலப்பிழையாகும். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்கென அலைத்தடுப்புகள் எழுந்தபின் அந்த நகர்வு தடைப்பட்டு, வடக்கிலிருந்த கரை அரிக்கப்பட்டது. கட்டுமரங்களை இழுத்து ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் இடம் தந்த மணல் கடலுக்குள் போனது. வீடுகளைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. கலை இயக்குநர் ஒரு சுவரொட்டியைக் கிழிப்பதுபோல் இக்கற்களை அகற்றிவிட முடியாது. கணினி வரைகலையால் மறைத்தாலும், மணலில் நிகழ்ந்த அன்றாட உழைப்பை நடிகர்களைக் கொண்டு மீட்டுருவாக்க வேண்டியிருக்கும்.

இருந்த ஒன்று இல்லாமற்போவதாலும் காலப்பிழை நேரும். புதுச்சேரியில் கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தமையால், 1970-களின் கதைக்கு இன்று எடுக்கப்படும் கடற்பரப்புக் காட்சியில் அப்பகுதியைப் புதிதாகச் சேர்த்தாக வேண்டும்.