பெட்டிக்குள் எவ்வளவு பழம்?

மேடவாக்கம் கூட்டுச் சாலை அருகே உள்ள பல்பொருள் அங்காடி ஒன்றில் சென்ற வாரம் எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்மணி, அட்டைப்பெட்டியில் அடைத்த மாம்பழ பானம் நான்கு வாங்கினார். காய்ச்சலில் படுத்திருக்கும் மாமியாருக்காம். அவர் சர்க்கரை நோயாளியும்கூட. 'வெளியே தள்ளுவண்டியில் ஈ மொய்க்கும் பழத்துக்கு இது மேல் அல்லவா?' என்றார். வெட்டித் திறந்து வைத்த பழத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால், அதே வண்டியில் வெட்டாத கொய்யாவும் இருந்தது.

புதியதெல்லாம் நல்லது, அடைத்ததெல்லாம் கெட்டது என்று நானும் சொல்லமாட்டேன். பறித்த நேரத்திலிருந்தே கீரை தன் வைட்டமின் சி சத்தை இழக்கத் தொடங்குகிறது. கோயம்பேட்டில் இறங்கி, சில்லறைக் கடையில் வாடி, நம் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் கிடக்கும் கீரை பெயரளவில்தான் புதியது. பறித்தவுடன் உறைய வைத்த பட்டாணி அதைவிட மேலாகவே இருக்கக்கூடும். உணவைக் காற்றுப்புகாமல் அடைத்து, கொதிநீரில் சூடாக்கிக் காக்கும் முறையைப் பிரான்சின் நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டார். கிருமிகளைக் கொல்லும் அந்த வெப்பம் வைட்டமின் சி-யையும் குறைக்கும். ஆனால், நார்ச்சத்தும் தாதுக்களும் பெரும்பாலும் தங்கிவிடும். தக்காளியின் லைகோபீன் நிறமியையோ, பச்சையாக உண்பதைவிட வேகவைத்து உண்ணும்போதுதான் உடல் எளிதாக ஏற்கிறது. டப்பாக் காய்கறியில் கவனிக்க வேண்டியது உப்பு. பழத்தில் சர்க்கரைப் பாகு.

சிக்கல் சாற்றில்தான். பிழிந்து வடிகட்டும்போது நார் போய், சர்க்கரை நிற்கிறது. வீட்டில் பிழிந்தாலும் இதே கதைதான். உலக சுகாதார நிறுவனம் பழச்சாற்றின் சர்க்கரையை, குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. 'பழ பானம்' என்பது இன்னும் ஒரு படி கீழே. நம் நாட்டு விதிப்படி அதில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் போதும். எலுமிச்சை என்றால் 5. மற்றவை பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

அடர்சாற்றில் நீர் கலந்து தயாரிப்பவற்றை '100 சதவீத பழச்சாறு' என்று விளம்பரப்படுத்தக் கூடாது என 2024 ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், பெட்டியின் முன்பக்கத்தை முழு மாம்பழப் படம் ஆக்கிரமித்திருக்கும்வரை யார் ஏமாறாமல் இருப்பார்கள்? பழம் எத்தனை சதவீதம், சர்க்கரை எத்தனை கிராம் என்பது அந்தப் படத்தின் மீதே, தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பேன்.

அந்தப் பெண்மணியிடம் பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். எழுத்து அவ்வளவு பொடி. இருவருமே மூக்குக்கண்ணாடியைத் தேடினோம். படித்துவிட்டு அவர் மூன்றைத் திருப்பி வைத்தார். 'ஒன்று பேரனுக்கு' என்றார். வெளியே வந்து இருவரும் கொய்யா வாங்கினோம். ஆரஞ்சைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. மாமியாருக்குப் பல் இல்லையாம். கனிந்ததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.