கல்பாசியும் கிருமிகளும்

மும்பையில் குடியிருக்கும் நம்மவர் மளிகைக் கடையில் 'தகட் பூல்' என்று கேட்டு வாங்குவது, செட்டிநாட்டுச் சமையலுக்கு மணமூட்டும் கல்பாசியையே. தில்லியில் அது 'பத்தர் கே பூல்'. கன்னடத்தார்க்குக் 'கல்லு ஹூவு'. மூன்று பெயர்க்கும் கல்லில் பூத்த மலர் என்பதே பொருள். உண்மையில் அது மலரன்று; தனித்த பாசியுமன்று. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் கூடி வாழும் லைக்கன் என்னும் உயிர்க்கூட்டு அது. பாசி வெயிலைக் கொண்டு சர்க்கரை ஆக்கித் தருகிறது. பூஞ்சை உறைவிடமும் ஈரமும் அளிக்கிறது.

லைக்கன்களுள் பல, ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. இத்துணை மெல்ல வளரும் உயிர், கிருமிகளும் பூச்சிகளும் மொய்க்கும் மரப்பட்டையில் பல்லாண்டு நிலைப்பது எங்ஙனம்? கிடைத்த சர்க்கரையிலிருந்து பூஞ்சை பல அமிலங்களை ஆக்கித் தன் இழைகளின்மீது படியவைக்கிறது. அவையே காவல் என்பது அறிஞர் கருத்து.

அவற்றுள் பெயர்பெற்றது உஸ்னிக் அமிலம். மலைக்காட்டு மரக்கிளைகளில் நரைத்த தாடிபோல் தொங்கும் உஸ்னியா என்னும் லைக்கனில் உள்ள மஞ்சள் நிறப் பொருள் இது. 1844-லேயே பிரித்தெடுக்கப்பட்டும், இதன் கிருமிப் பகை நூறாண்டு கழித்தே புலப்பட்டது. பெனிசிலின் புகழ் பரவிய 1944-ல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பர்க்ஹோல்டரும் துணைவரும் 42 வகை லைக்கன்களின் சாற்றைச் சோதித்தனர். 27 வகைகள் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்தன. சீழ்க்கட்டிகளுக்குக் காரணமான ஸ்டபிலோகாக்கஸும் காசநோய்க் கிருமியும் உஸ்னிக் அமிலத்துக்கு அடங்குவன. குடற்காய்ச்சல் கிருமி போன்றவையோ புறத்தே மற்றொரு சவ்வைப் போர்த்தியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இந்திய லைக்கன்களின் இரசாயனத்தை ஆழ்ந்து ஆராய்ந்தவருள் முதன்மையானவர், 1900-ல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்திரி. வால்டேரிலும், 1949 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அவர் பணிபுரிந்தார். வெளியூர் சென்று உழைத்த தமிழருள் அவரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

அங்ஙனமாயின் இம்மருந்து நமக்கு ஏன் கிட்டவில்லை? மேற்பூச்சுக் களிம்பாக ஐரோப்பாவில் இது விற்கப்பட்டதுண்டு. உட்கொள்வதில்தான் இடர். உணவை எரித்துச் சக்தியைச் சேமிக்கும் உயிரணுவின் ஏற்பாட்டை இவ்வமிலம் குலைக்கிறது. சக்தி வெப்பமாக வீணாகிறது. உடல் இளைக்கும் என்று சொல்லி அமெரிக்காவில் இதனை மாத்திரைகளில் சேர்த்தனர். உண்டவருள் சிலர்க்குக் கல்லீரல் பழுதுற்றது; 2001 நவம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. கண்ணாடித் தட்டில் கிருமியை அடக்கும் பொருள், உடலுக்குள் உறுப்பையும் வருத்தக்கூடும். குழம்பில் ஒரு சிட்டிகை கல்பாசி இடுவது நெடுங்கால வழக்கு. காட்டு லைக்கனைக் கஷாயமாக்கி நோய்க்குக் குடிப்பது முற்றிலும் வேறு.

மருந்துகளுக்கு அடங்காத ஸ்டபிலோகாக்கஸ் பெருகியுள்ள இந்நாளில், உஸ்னிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றி நஞ்சைக் குறைக்க ஆய்வாளர் முயல்கின்றனர். காட்டில் சுரண்டி எடுத்து இதற்கு ஈடுகொடுக்க இயலாது. ஓராண்டில் சில மில்லிமீட்டரே வளரும் பொருளன்றோ! பூஞ்சையைத் தனியே வளர்த்தாலோ, பாசியின் துணையின்றி அது பல சமயம் அவ்வமிலங்களை ஆக்குவதில்லை. அவற்றை ஆக்கும் மரபணுக்களை விரைந்து வளரும் வேறு பூஞ்சைகளில் புகுத்திப் பார்க்கும் முயற்சியும் நடைபெறுகிறது.