பெயர் சொல்லி ஒரு மடல்



ஈசாயின் மூத்த புதல்வர் மூவர் சவுலின் படையோடு ஏலா பள்ளத்தாக்கில் இருந்தார்கள். வயது முதிர்ந்த அந்தத் தந்தை இளைய மகன் தாவீதிடம் வறுத்த தானியத்தையும் பத்து அப்பங்களையும் கொடுத்து, அண்ணன்மார் நலமா என்று பார்த்துவிட்டு, அவர்களிடமிருந்து ஓர் அடையாளமும் வாங்கி வரச் சொல்கிறார் (1 சாமு 17:17-18). கோலியாத்து வீழ்ந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். தாவீது அந்தக் களத்துக்குப் போனதே நலம் விசாரிக்கத்தான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

தொலைவில் இருக்கும் படைவீரருக்கு வீட்டுச் செய்தி உணவைப் போன்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு இதை நன்கு உணர்ந்திருந்தது. கப்பல்களிலும் விமானங்களிலும் இடம் போதவில்லை. ஆனாலும் மடல்களை நிறுத்த மனமில்லை. எனவே 1942 ஜூனில் 'வி-மெயில்' என்ற முறையைத் தொடங்கினார்கள். மடல்களைச் சிறு படச்சுருளில் பதித்து அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். 37 பைகள் நிறையக் கூடிய 1,50,000 மடல்கள் இவ்வாறு ஒரே பைக்குள் அடங்கின.

பின்னாளில் அந்நாட்டு மக்கள், 'யாராவது ஒரு படைவீரருக்கு' என்று மட்டும் முகவரியிட்டும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். 2001-இல் ஆந்த்ராக்ஸ் கிருமி தடவிய மடல்களால் ஐந்து பேர் இறந்த பிறகு, பாதுகாப்புக் கருதி அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இனி எழுத விரும்புகிறவர், எழுதப்படுகிறவரின் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

இந்த விதிக்குள் நமக்கும் ஒரு பாடம் உண்டு. நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் (யோவா 10:3). 'படைவீரர்களுக்காக மன்றாடுவோம்' என்று பொதுவாகச் சொல்வது எளிது. அவர்களில் ஒருவருடைய பெயரை அறிந்து, அவருக்கென ஒரு தாளை எடுத்து உட்காருவதுதான் கடினம்.

"அப்படி எழுதினால் போரை ஆதரித்ததாகாதா?" என்று சிலர் கேட்கலாம். ஆகாது. ஈசாய் கேட்டது வெற்றியை அல்ல, பிள்ளைகளின் நலத்தை. போரை வெறுக்கிறவர்களே போரில் நிற்கும் மனிதரை அதிகம் நினைக்க வேண்டும். துப்பாக்கி ஏந்தியவர், தாம் ஒரு தாயின் மகன் என்பதை மறந்துவிடாதிருக்க ஒரு மடல் உதவலாம்.

ஐ.நா. அமைதிப்படையில் தென் சூடான், காங்கோ, லெபனான் நாடுகளில் நம் இந்திய வீரர்களும் பணியாற்றியிருக்கிறார்கள். நம் உறவினர், அண்டை வீட்டார் யாரேனும் இப்படித் தொலைவில் பணியில் இருந்தால், அவர்கள் வீட்டில் முகவரி கேட்டு எழுதலாம். எங்கே முகாம், எப்போது புறப்பாடு என்று கேட்க வேண்டாம். அவரால் சொல்ல முடியாது. பெரிய அறிவுரைகளும் வேண்டாம். ஊரில் மழை பெய்ததையும், கோவில் திருவிழாக் கொடியேற்றத்தையும், அவர் அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருப்பதையும் எழுதுவோம். சிறையிலிருந்த பவுலடியார்கூட, குளிர்காலத்துக்கு முன் வந்துவிடும்படியும், விட்டுவந்த போர்வையை எடுத்து வரும்படியும் திமொத்தேயுவுக்கு எழுதினார் (2 திமொ 4:13, 21). அன்பு இத்தகைய சிறு செய்திகளில்தான் குடியிருக்கிறது. பதில் வராவிட்டாலும் மனம் தளராமல் மீண்டும் எழுதுவோம்.

இந்த வாரம் குடும்பச் செபத்தில் ஒரு படைவீரரின் பெயரைச் சொல்லி மன்றாடுவோம். செபம் முடிந்ததும் அதே பெயரை ஓர் உறையின் மேல் எழுதுவோம். அமைதியின் அரசராம் ஆண்டவர், அவரை நலமாக வீடு சேர்ப்பாராக. ஆமென்.