மணலில் விழுந்த கம்மல்! தேடப் பெரிய தட்டா, சின்னத் தட்டா?

மாலை நேரம். காயல்பட்டினம் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடுகிறார்கள். வீட்டுக்குப் புறப்படும்போது பார்த்தால், மகளின் காதில் ஒரு தங்கக் கம்மலைக் காணோம்!

தாயின் நெஞ்சு பதறுகிறது. எல்லோரும் கையால் மணலை அளைகிறார்கள். அளைய அளையக் கம்மல் இன்னும் ஆழமாகப் புதைகிறது.

இந்தச் சமயத்தில் கைகொடுப்பது, 'மெட்டல் டிடெக்டர்' என்னும் உலோகம் காட்டும் கருவி. நீண்ட கோல், அதன் நுனியில் வட்டமான தட்டு. தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் திசை மாறி மாறி ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்த சக்தி மணலுக்குள் பாய்கிறது. அங்கே உலோகம் இருந்தால், கருவி ஒலி எழுப்பும்.

பெரிது எல்லாம் நல்லதா?

தட்டு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பன்னிரண்டு அங்குலத் தட்டு ஆழமாகப் பார்க்கும். அதிக இடத்தையும் வளைக்கும். ஆனால், சின்னப் பொருள் அதற்கு எளிதில் புலப்படாது. கம்மலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியோ, சோடா மூடியோ கிடந்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாகவே காட்டிவிடும்.

ஐந்து, ஆறு அங்குலத் தட்டு அப்படி அல்ல. அது பார்க்கும் இடம் கொஞ்சம். ஆனால் கூர்மையாகப் பார்க்கும். குப்பைக்கு நடுவே கிடக்கும் நகையைப் பிரித்துக் காட்டும். உப்புநீர் ஊறிய ஈரமணல் கருவியைக் குழப்பும். சின்னத் தட்டில் அந்தத் தொல்லையும் குறைவு. இன்று விழுந்த கம்மல் மேல்மணலில்தானே கிடக்கும்? ஆழம் எதற்கு?

பெல் கண்ட தோல்வி

பக்கத்து உலோகம் செய்யும் குழப்பத்துக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் இருந்த குண்டைத் தேட, டெலிபோன் கண்ட கிரகாம் பெல் ஒரு கருவி செய்தார். குண்டு அகப்படவில்லை. மெத்தையில் இருந்த கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பியதும் அதற்கு ஒரு காரணம்!

புதையல் ஆசை வேண்டாம்

இது பழைய துறைமுகக் கரை. மார்க்கோ போலோ எழுதிய 'காயல்' இந்தப் பக்கம்தான். அதனால் புதையல் ஆசை வரலாம். ஆனால் சட்டம் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் கிடைத்து, அதன் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

தேடும் முறை

நகை விழுந்தது தெரிந்ததும் மணலைக் கிளறக் கூடாது. பிள்ளை விளையாடிய இடத்தைச் சுற்றிக் கோடு கிழிக்க வேண்டும். பிறகு, தட்டை மணலை ஒட்டி மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய தடத்தில் பாதியை மூட வேண்டும். சின்னத் தட்டுக்கு நேரம் கூடுதலாகும். பொறுமையாகத் தேடினால், கம்மல் மீண்டும் மகளின் காதில் ஏறலாம்!